ஏட்டில் இல்லாத வாசகிகள்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை என்று நம் வட்டாரத்துப் பெயர்களாக அடுக்கிக்கொண்டு போனபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், அந்தக் காலத்துல நம்ம பக்கத்துப் பொம்பளைங்க எதை வாசிச்சாங்க?"

"வாசிக்க விட்டாத்தான வாசிக்கதுக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு அந்தப் பதில் உறுத்தியது. நினைவுக்கு வந்தவள் முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த எங்கள் ஆச்சி. மடியில் தட்டு, தட்டில் தூள், ஈரத்துணியில் பொதிந்த இலை. கை தன்பாட்டுக்குச் சுற்றும். வாய் நல்லதங்காள் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட்டாகவே சொல்லும். சுற்றியிருந்த பெண்கள் கேட்பார்கள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளும் இடம் வந்ததும் யாராவது ஒருத்தி முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்துவாள். ஆச்சி ஆயுள் முழுக்கக் கைநாட்டு. அவளை நான் ஒருநாளும் இலக்கிய வாசகி என்று எண்ணியதில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, பல ஆண்டுகள் பாடம் நடத்தி, கவிதையும் எழுதிய பிறகும் எண்ணியதில்லை. மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் அந்த எண்ணாமையிலிருந்துதான் வந்தது.

கணக்கு என் பக்கம் இருந்தது உண்மை. விக்டோரியா மகாராணி இறந்த 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் கணக்கெடுத்தவர் கேட்டது எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்பதைத்தான். உங்களுக்கு எத்தனை பாட்டு மனப்பாடம் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் தாமிரபரணிக் கரையின் கணக்கு வேறுமாதிரி வந்திருக்கும்.

ஆண்களுக்கு அந்தக் கட்டம் வேறு பெயரில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றாலே மனப்பாடம்தான். மணலில் எழுத்தைத் தடவி, உரக்கச் சொல்லி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி என்று நெஞ்சில் ஏற்றிக்கொண்ட பிறகே ஏடு கைக்கு வரும். ஏட்டைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவனே படித்தவன். அவர்கள் முதலில் நெட்டுருப் போட்ட ஆத்திசூடி ஔவை என்ற பெண்ணின் பெயரில் வழங்குவது. அதைச் சொல்லிக்கொடுத்த திண்ணையில் பெண்பிள்ளைகள் அரிதினும் அரிது. கோயிலைச் சார்ந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் போன்ற சிலருக்கே ஏடும் எழுத்தும் வாய்த்தன.

அதே காலத்தில் அரசாங்கமும் மனப்பாடத்துக்கு விலை வைக்கத் தொடங்கியது. 1862இல் இங்கிலாந்தில் வந்த கல்வி விதிகளின்படி, ஆய்வாளர் முன்னால் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு மானியம். சென்னை மாகாணத்திலும் 1860களின் பிற்பகுதியில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற இந்த முறை கிராமப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1870, 80களில் கவிதை ஒப்பித்தலும் சோதனையின் பகுதியானது. எந்த வகுப்புப் பிள்ளை எத்தனை வரி ஒப்பிக்க வேண்டும் என்று விதியே இருந்தது. கேத்தரின் ராப்சன் 2012இல் எழுதிய 'ஹார்ட் பீட்ஸ்' என்ற நூல் இந்த வரலாற்றைச் சொல்கிறது. ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பிரம்படிக்குப் பயந்து மனப்பாடம் செய்த பாட்டு, பிறகு அவர்கள் வாழ்நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்ததை அதில் படிக்கலாம்.

அப்படி லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒப்பித்த பாட்டுகளில் ஒன்று 'காசபியங்கா'. எரியும் கப்பலில், தந்தை சொல்லாமல் இடம்விட்டு நகர மாட்டேன் என்று நின்று சாகும் சிறுவனைப் பற்றியது. அதை 1826இல் எழுதியவர் ஃபெலிசியா ஹெமன்ஸ். கணவர் பிரிந்து போய்விட, 5 ஆண்பிள்ளைகளை எழுதிச் சம்பாதித்து வளர்த்த பெண். பாட்டு ஊரெங்கும் நிலைத்தது; எழுதியவருக்கோ இலக்கிய வரலாறு நெடுங்காலம் ஓர் ஓரத்தைத்தான் ஒதுக்கியது. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாட்டு என்பதாலேயே பெரிய மனிதர்கள் அதை மதிக்கவில்லை. ஔவைக்கும் இதுதான் நடந்தது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டைப் பாடியவளைப் பெரிய புலவர் வரிசையில் வைக்கத் தயங்குகிறவர்கள் நம்மிடமும் உண்டு.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயருக்குக் கவிதை பள்ளியோடு முடிந்துவிடவில்லை. துக்கத்திலும் பயணத்திலும் நோயிலும் அவர்கள் அதை எடுத்துச் சொல்லிக்கொண்டார்கள். மகாராணியே அதற்குச் சாட்சி. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தபோது அவருக்கு வயது 42. டென்னிசன் தன் நண்பரின் சாவுக்காகப் பல ஆண்டுகள் எழுதி 1850இல் வெளியிட்ட 'இன் மெமோரியம்' அவருக்குத் துணையாக இருந்தது. மறுஆண்டு கவிஞரை அழைத்துப் பேசியபோது, பைபிளுக்கு அடுத்தபடியாகத் தனக்கு ஆறுதல் தந்தது அந்தக் கவிதைதான் என்றார். இறக்கும்வரை 40 ஆண்டுகள் கறுப்பு உடையிலேயே இருந்தார். ஓர் ஆண் எழுதிய இரங்கற்பாவை ஒரு கைம்பெண் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்ட செய்தி இலக்கிய வரலாற்றில் மரியாதையாகப் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கைம்பெண்ணின் காலத்திலேயே, குற்றாலத்துக்கு அருகே செங்கோட்டையிலும் அதைச் சுற்றிய அக்ரகாரங்களிலும் வேறு கைம்பெண்கள் இருந்தார்கள். மொட்டையடித்த தலை, காவியோ வெள்ளையோ ஒற்றைச் சேலை, ஒருவேளைச் சாப்பாடு, நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது என்ற விதி. பலருக்கு வயது பத்துக்கும் குறைவு. 1856இல் பிரிட்டிஷ் இந்தியாவில் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. அது இந்த வீடுகளின் வாசற்படியை மிதிக்கவே இல்லை. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது; 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் சிற்றாற்றில் கலந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில்தான் வந்து சேர்கிறது. பாட்டும் அப்படியே இந்தப் பள்ளத்தாக்கில் பரவியது.

அந்தப் பெண்களுக்கும் ஒரு கவி இருந்தார். பெண் கவி, அவரும் கைம்பெண்தான். செங்கோட்டை ஆவுடையக்காள்.

அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன். அறியாத வயதில் கல்யாணம், அறியாத வயதிலேயே கைம்மை. வழிவழியாகச் சொல்லப்படும் கதையின்படி, திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாளிடம் உபதேசம் பெற்றார். ஊர் அவரை விலக்கி வைத்தது. கடைசியில் ஓர் ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நீராடிவிட்டு மலையேறிப் போனவர் திரும்பவில்லை. இந்தக் கதையில் வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருக்க நான் விரும்பவில்லை. பாடல்கள் கையில் இருக்கின்றன.

அவை அத்வைதம் பேசுகின்றன. பேசும் வடிவங்களைப் பாருங்கள். வேதாந்த அம்மானை, சூடாலைக் கும்மி, வேதாந்தக் கப்பல், வேதாந்த ஆச்சே போச்சே. மடத்திலும் பாடசாலையிலும் சமஸ்கிருதத்தில் பூட்டி வைத்திருந்த தத்துவத்தைப் பெண்கள் காய் வீசிப் பிடிக்கும் விளையாட்டுக்குள்ளும் கும்மிக் கைதட்டலுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தார் அவர். சூடாலை ஞானவாசிட்டத்தில் வரும் ராணி. கணவனுக்கு முன்பாகவே ஞானம் பெற்று அவனுக்கு உபதேசம் செய்கிறவள். அந்தக் கதையைக் கும்மியாக அடித்துப் பாடும்போது, கணவன் போனதால் எல்லாம் போயிற்று என்று சொல்லப்பட்ட பெண்ணின் வாயில், கணவனுக்கே குருவான ஒருத்தி வருகிறாள். வேறு பாடல்களில் தீட்டையும் எச்சிலையும் ஆசாரத்தையும் நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார். எந்தத் தீட்டைக் காட்டிப் பெண்ணை மூலையில் உட்கார வைக்கிறீர்களோ அதில்தானே எல்லா உடம்பும் திரண்டு வந்தது என்பது அவர் கேள்வியின் சாரம்.

எந்தப் பல்கலைக்கழகமும் இந்தப் பாடல்களைக் காப்பாற்றவில்லை. விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டும் அடுப்படியில் வேலை செய்துகொண்டும் விசேஷ வீடுகளில் கூடியிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாடி வந்தார்கள். அதிலும் முக்கியமாகக் கைம்பெண்கள். 20ஆம் நூற்றாண்டில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகளும் பின்னர் கோமதி ராஜாங்கமும் அவற்றைத் தேடித் திரட்டினார்கள். 2002இல் திருக்கோவலூர் ஞானானந்த தபோவனம் அவற்றைப் பாடல் திரட்டாக வெளியிட்டது. 2012இல் காஞ்சனா நடராஜன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஆய்வோடு ஜுபான் பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார். ஆவுடையக்காளுக்கும் கோமதி ராஜாங்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் எத்தனை பெண்கள் இந்தப் பாடல்களைச் சுமந்திருப்பார்கள்! அவர்களில் ஒருவரின் பெயர்கூட நம் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் இல்லை. ஆவுடையக்காளைக் குறிப்பிடுகிறவர்கள்கூட, பாரதிக்கு முன்னோடி என்று சொல்லிப் பாரதியிடம் போய்விடுகிறார்கள்.

இத்தனை நீளமான பாடல்கள் ஏடில்லாமல் எப்படி நிலைத்தன? தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி புரியும். இரண்டாம் எழுத்தில் வரும் எதுகை, அடுத்த அடியைப் பிடித்து இழுக்கும் கொக்கி. ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் திரும்பி வரும் பல்லவி, அடுத்த கண்ணியை யோசிக்க மூச்சுவிட இடம் தரும். மற்றொரு பகுதி யாப்பு நூலில் இருக்காது. கும்மி தனியாக அடிக்கக் கூடியதல்ல. அம்மானை வடிவத்திலேயே கேட்பவளும் பதில் சொல்பவளும் உண்டு. ஒருத்தி மறந்த இடத்தில் இன்னொருத்தி எடுத்துக்கொடுப்பாள். 'எடுத்துக்கொடுத்தல்' என்று இதற்கு நம் வீடுகளில் பெயரே இருக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் ஆய்வாளர் முன் நின்ற பிள்ளைக்கு யாரேனும் எடுத்துக்கொடுத்தால் அது குற்றம். இங்கே அதுதான் முறை. ஆக, பாட்டு எந்த ஒருத்தியின் தலைக்குள்ளும் முழுதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவுக்குள் முழுதாக இருந்தால் போதும்.

கையில் சொத்து இல்லாத, நகை இல்லாத, நல்ல காரியத்தில் இடமில்லாத பெண்ணுக்குப் பாட்டு என்ன செய்தது என்பதையும் யோசிக்க வேண்டும். ஏடு வைத்திருந்தால் பிடுங்கலாம். எழுதினால் தடுக்கலாம். மாவரைத்துக்கொண்டே பாடுகிறவளை, சாமி பாட்டுத்தானே என்று விட்டுவிடுவார்கள். அந்த அலட்சியத்துக்குள்தான் தீட்டைக் கேள்வி கேட்கும் வரிகள் 200 ஆண்டுகள் பத்திரமாக இருந்தன. யாரும் பொருட்படுத்தாததால் தப்பித்தன. அதே காரணத்தால் வரலாற்றிலும் ஏறவில்லை.

தமிழ் இலக்கியத்தின் மாபெரும் மீட்பு இதே காலத்தில், இதே பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தது. 1889இல் பத்துப்பாட்டை அச்சிடுவதற்கு முன் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை ஹோமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் பட்ட வேதனையை 'என் சரித்திர'த்தில் படித்தால் நமக்கும் நெஞ்சு கனக்கும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அந்தப் பகுதியை நான் சொல்வதுண்டு. அவர் தேடியது சங்க நூல்களை. அவை பெண்களின் வாயில் இல்லை, ஏட்டில்தான் இருந்தன. எனவே அவர்மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மீட்புக் கதையிலிருந்து நமக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. இலக்கியம் என்றால் பரணில் இருக்கும், ஏட்டில் இருக்கும், ஓர் ஆண் ஏணி வைத்து ஏறி எடுப்பான் என்ற பழக்கம். அந்தப் பரணுக்குக் கீழே, அடுப்பை ஊதிக்கொண்டு முணுமுணுத்தவளிடம் என்ன இருந்தது என்று கேட்கும் பயிற்சி நம் துறைக்கு வாய்க்கவில்லை.

ஆண்களின் நினைவுக்கு இங்கே சபையும் கிடைத்தது. 1920களில் வண்ணார்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி புகழ்பெற்றது. டி.கே.சி. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லக் கேட்டவர்கள் கிறங்கினார்கள் என்று நண்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கவிதை காதுக்கும் நாவுக்கும் உரியது என்பதைப் புலவர்களுக்கு எதிராக நின்று நிலைநாட்டியவர் அவர். எனக்கும் அதில் கடன் உண்டு. பாட்டை நெஞ்சில் வைத்து, சமயத்துக்கு எடுத்துச் சொல்லி அனுபவித்த ஆண்களுக்கு 'ரசிகர்' என்று ஒரு பட்டம் அங்கிருந்து வந்தது. அதே காரியத்தை உரல் பக்கத்தில் செய்தவளுக்கு என்ன பெயர்? "ஆச்சிக்குப் பாட்டெல்லாம் தெரியும்" என்பார்கள். அவ்வளவுதான்.

இங்கே நான் என்னையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆவுடையக்காளைக் கண்டு நெகிழ்ந்து, பெண்களின் நினைவு என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போவது எளிது. எங்கள் ஆச்சி ஆவுடையக்காளின் ஒரு வரியைக்கூடக் கேட்டதில்லை. கேட்க வழியில்லை. தீட்டைக் கேள்வி கேட்ட அந்தப் பாட்டு ஒலித்த தெருவுக்குள் எங்கள் ஆச்சியின் ஆச்சி போக முடியாது. அவளைவிடக் கீழே தள்ளப்பட்டவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டவும் முடியாது. பாட்டு தெருவை மீறிப் பேசியது. தெருவோ பாட்டைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டது. பாடியவர்களும் கேட்டவர்களும் இந்த முரணை உணர்ந்தார்களா என்பது ஆவுடையக்காளைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

வயலில் நின்றவர்களிடம் வேறு பாட்டுகள் இருந்தன. நடவுப்பாட்டு, களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. ஒப்பாரியில் பழைய பாட்டை நினைவுகூர்வதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றுதான். தெரிந்த அடிகளை எடுத்து, இறந்தவரின் பெயரையும் தன் குறையையும் அதில் பொருத்திப் பாடுவாள். அண்ணன் செய்த துரோகத்தையும் மாமியார் வீட்டுக் கொடுமையையும் ஊர் கேட்கச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே மேடை சாவு வீடு. மிஷன் பள்ளிகள் வந்த ஊர்களில் இன்னொரு வகை நினைவு உருவானது. இடையன்குடியில் எலிசா கால்டுவெல் நடத்திய பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியிலும், பாளையங்கோட்டைப் பள்ளிகளிலும், திண்ணையில் இடமில்லாத சாதிப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், வேத வசனமும் கீர்த்தனையும் நெட்டுருப் போட்டார்கள். லேஸ் பின்னவும் அங்கே கற்றார்கள். இவர்களுக்குப் பாட்டு எழுத்தோடு சேர்ந்தே வந்தது. எங்கள் ஆச்சி போன்றவர்களுக்கு எழுத்து வரவேயில்லை.

நினைவு எப்போதும் விடுதலைக்கே உதவியது என்றும் சொல்ல மாட்டேன். ஆச்சி சொன்ன நல்லதங்காளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகமாகச் சந்தைகளில் விற்றது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, கேட்டே பலர் மனப்பாடம் செய்தது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அந்தப் பகுதியும் திருநெல்வேலிதான். பஞ்சத்தில் பிறந்த வீடு தேடி வந்தவளை அண்ணி விரட்டுகிறாள். மானத்துக்குப் பயந்தவள் பிள்ளைகளோடு கிணற்றில் விழுகிறாள். பழி முழுவதும் அண்ணியின் தலையில். பசியும் சொத்துரிமை இல்லாமையும் கதையில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. பெண்ணைப் பெண்ணே வருத்துகிறாள் என்ற பாடத்தையும் சேர்த்துத்தான் எங்கள் ஆச்சி மனப்பாடம் செய்திருந்தாள். ஆனாலும் அவள் அதைப் பீடிக்கடைக்காரர் கட்டுகளைக் கழித்துவிட்டுக் கூலியைக் குறைத்த நாட்களில்தான் அதிகம் பாடினாள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அண்ணி வரும் இடத்தில் குரல் ஏறாது. பிள்ளைகள் பசியில் அழும் இடத்தில்தான் ஏறும். ஒரே பாட்டை எந்த இடத்தில் அழுத்துவது என்பது அவள் முடிவு. வாசிப்பு என்று நாம் வகுப்பில் விளக்குவது இதைத்தானே?

பெருங்குளத்துக்காரரான அ. மாதவையா 1903இல் 'முத்துமீனாட்சி' நாவலை வெளியிட்டார். ஓர் இளம் கைம்பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது அது. கடைசியில் மறுமணம் செய்துகொள்கிறாள். ஆவுடையக்காளைப் பாடிக்கொண்டிருந்தவர்களின் வாழ்க்கை அச்சில் ஏறத் தொடங்கிய காலம் என்று அதைச் சொல்லலாம். ஏறியபோது அந்தக் குரலை எழுதியது ஓர் ஆண். அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். எழுதியிராவிட்டால் நமக்கு அதுவும் இருந்திருக்காது. ஆயினும் அதே தெருக்களில் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று வைத்திருந்த பாட்டு அச்சேறவும் பரவவும் இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். உழைக்கும் மக்களின் பாட்டுக்கு ஆய்வுத் தகுதி வாங்கிக்கொடுத்த நூல் அது. அதில் பாடல்களின் கீழே சேகரித்தவர் பெயர் இருக்கும், இடம் இருக்கும். சிலவற்றில் 'உதவியவர்' என்று ஒரு பெயரும் இருக்கும். அந்தச் சொல்லில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பாட்டை நெஞ்சில் வைத்திருந்து கொடுத்தவர் உதவியவர், எழுதிக்கொண்டவர் சேகரித்தவர். அந்தச் சிறு குறிப்புகூட இல்லாத பாடல்கள் எத்தனையோ. அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் கிடைத்த நேரத்தில், கைக்காசைப் போட்டுச் செய்த வேலை அது. பெயர் விடுபட்டதை அவர்கள் குற்றமாகச் சொல்வது என் நோக்கமல்ல. இனி விடுபட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கும் இதில் ஒரு கணக்கு தீர்க்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக மாணவிகளிடம் "நெட்டுருப் போடாதீங்க, புரிஞ்சு படிங்க" என்று சொல்லிவந்திருக்கிறேன். மனப்பாடப் பகுதி, மதிப்பெண், மறுநாள் மறதி என்று பழகிய தலைமுறைக்கு அதைச் சொல்ல வேண்டியும் இருந்தது. ஆனால் தேர்வுக்கான மனப்பாடத்தின் மீதிருந்த எரிச்சலில், மனப்பாடத்தையே அறியாமையின் அடையாளமாக ஆக்கிவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் நெஞ்சில் வைத்திருந்ததையும் அதே தட்டில் போட்டுத் தள்ளிவிட்டேன்.

மறுவாரம் வகுப்புக்குப் போனதும் அந்த மாணவியிடம், நான் சொன்ன பதில் தவறு என்று சொன்னேன். எல்லோருக்கும் ஒரு வேலையும் கொடுத்தேன். வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண்ணிடம் போய், அவருக்கு நினைவிருக்கும் ஒரு பாட்டை எழுதிக்கொண்டு வர வேண்டும். பாட்டின் மேலே, தலைப்புக்கும் முன்னால், பாடியவர் பெயர் வர வேண்டும். யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவார், எந்த இடம் மறந்துபோயிற்று, யார் எடுத்துக்கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும்.

தாள்கள் வந்தன. சிலர் சினிமாப் பாட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். கேள்வி கேட்ட மாணவியின் தாளில் அவளுடைய பாட்டி சொன்ன ஒப்பாரி இருந்தது. நடுவில் இரண்டு வரி இடம் விட்டிருந்தாள். "பாட்டிக்கு அது ஞாபகம் வரல மேடம். பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரியுமாம். அவங்க மக வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்ததும் கேட்டு எழுதணும்" என்றாள்.

அந்த இரண்டு வரி இடத்தை அப்படியே விட்டு, தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.